ரூபேந்திரன் வீட்டுக்கு வந்த படம்

பார்சலில் அனுப்பியவர் பெயர் இல்லை. ரூபேந்திரனுக்கு அது ஒன்றே போதும். வேண்டாதவன் எவனோ செய்த வேலை என்று முடிவு கட்டிவிட்டுத்தான் உறையையே பிரித்தார்.

உள்ளே சட்டம் போட்ட ஓர் அச்சுப்படம். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் யாரோ நையாண்டியாக வரைந்தது. சரிந்த கூரைக்கடியில் ஒரு கவிஞன், எழுத வராமல் தலையைச் சொறிகிறான். வாசலில் பால்காரி பாக்கி கேட்டுக் கத்துகிறாள். ஒரு நாய் தட்டிலிருந்த இறைச்சியைக் கவ்வுகிறது.

ரூபேந்திரனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வேலையை விட்டுவிட்டு, ஸ்கூடாய் தாமான் குடியிருப்பு வீட்டில் உட்கார்ந்து நாவல் எழுதியவருக்கு இதன் பொருள் புரியாதா? அதுவும் ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவில் நூல் வெளியீட்டை வைத்துக்கொண்டு!

யாராக இருக்கும்? பண்டார் தெங்காரா ஊர் எழுத்தாளர் மணியமா? அவருக்கு இவ்வளவு பொறுமை ஏது, கிண்டல் என்றால் வாட்ஸ்அப் குழுவிலேயே முடித்துவிடுவார். மிஞ்சியவர் எழுத்தாளர் சங்கத் தலைவர் காளிதாஸ். மண்டபம் பேசியது, முதல் நூலை வாங்கப் பிரமுகர் பிடித்தது எல்லாம் அவர்தான். ஒரு மனிதன் சும்மா இத்தனை நல்லவனாக இருப்பானா என்று ரூபேந்திரனுக்கு முதலிலிருந்தே உறுத்தல். உடனே போனை எடுத்தார்.

“படம் கிடைச்சிச்சி தலைவரே. ஞாயித்துக்கிழமை நீங்க வர வேணாம்.”

“என்னா படம்லா? என்னா பேசறீங்க?”

“நடிக்காதீங்க. முதுகுக்குப் பின்னால சிரிக்கிற ஆளு என் மேடைக்கு வேணாம்!”

மாலைக்குள் மண்டபம் ரத்தானது. பிரமுகரும் ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார். தான் சந்தேகப்பட்டது சரிதான் என்று ரூபேந்திரன் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

விடியுமுன் சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போன மனைவி பிரேமலா, இருட்டிய பிறகு வந்தாள். சோபாவில் கிடந்த படத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“வந்துருச்சா!”

“நீயா வாங்கினே?”

“நான்தான். பஸ்ஸுல போன்ல பார்த்தேங்க. அந்தப் பொம்பளையப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சி. நீங்களும் பார்க்கணும்னுதான் ஆர்டர் பண்ணேன்.”

“யாரு, அந்தப் பால்காரியா?”

பிரேமலா படத்தின் நட்ட நடுவில் விரலை வைத்தாள். அங்கே கவிஞனின் கிழிந்த கால்சட்டையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டு அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க அந்தப் படத்தை உற்று உற்றுப் பார்த்த ரூபேந்திரனின் கண்ணில் அவள் படவே இல்லை.