அலுமாரியின் மறுபக்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. என் குளியலறைத் தரை சூடாகாமல் போனபோது திருத்த வந்தவர், ஓடு ஒன்றைப் பெயர்த்தபடி சொன்னது. "ஆற்றையும் பேரைப் போட்டிடாதேங்கோ" என்றார். எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டேன். அவருக்கு அல்பேட் என்று வைத்திருக்கிறேன்.

பனி பெய்துகொண்டிருந்த ஒரு –

வேண்டாம். மொன்றியலில் எந்தக் கதைதான் அப்படித் தொடங்கவில்லை?

2

செயின்ட்-மிஷேலில் அனுஜன்-பிரியந்தி தம்பதியின் சிறிய வீடு. பின்னறைத் தரைக்குள் ஓடும் மின்கம்பிதான் அந்த அறைக்குச் சூடு. தொட்டில் அங்கே, திரை போட்ட சாமி அலுமாரியும் அங்கே. குறைமாதத்தில் பிறந்த மகள் இன்னும் ஆஸ்பத்திரியில். அடுத்த கிழமை வருகிறாள். தரையோ ஐஸாகக் கிடக்கிறது.

[ஒரு ஹீட்டர் வாங்கி வைத்தால் என்ன என்பீர்கள். வைத்தார்கள். பழைய வயரிங், பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தது.]

3

மீற்றரில் பார்த்தால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அல்பேட் கம்பிக்குள் ஒரு சத்தத்தை அனுப்பி, அதைப் பிடிக்கும் கருவியைத் தரையில் மெல்ல நகர்த்தினார். சன்னலடியில் கேட்டது. தொட்டிலடியில் கேட்டது. சாமி அலுமாரியடியில் நின்றுபோனது.

"தம்பி, இதைத் தரையோட பூட்டியிருக்கோ?"

"ஓம் அண்ணை. பிள்ளை தவழேக்கை பிடிச்சு இழுத்திடுமெண்டு கோடையில திருகாணி போட்டனான்."

கம்பியை அறுத்தது அந்தத் திருகாணிதான். அல்பேட் அவனைத் திட்டவில்லை. "இண்டைக்கு ஓட்டைக் கிளப்பினால்தான் சாந்து காய்ஞ்சு, பிள்ளை வரேக்கை சூடு போடலாம். அலுமாரியை எடுங்கோ."

"துடக்கெல்லோ அண்ணை. பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழியாமல் சாமியைத் தொடமாட்டம்."

"அப்ப நான் எடுக்கிறன். நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், எனக்கென்ன துடக்கு?"

அனுஜனுக்கு உயிர் வந்தது. அல்பேட் திருகாணிகளைக் கழற்றி, அலுமாரியைக் கட்டிப்பிடித்து அசைத்துப் பார்த்தார்.

"தேக்கு. தனிய ஏலாது. ஒரு பக்கம் நீர் பிடியும்."

4

இந்த இடத்தில் எனக்கு அனுஜன்மேல் கோபம் வந்தது. பிள்ளையா பெரிது, அலுமாரியா பெரிது? பிறகுதான் யோசித்தேன். மகள் பிழைக்கவேண்டுமென்று திரைக்கு வெளியே நின்றே இத்தனை நாளும் கும்பிட்டவன். இப்போது தொட்டு, அதனால் அவளுக்கு ஏதும் ஆகிவிட்டால்? பாவம், என் கோபம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு இருந்த பிரியந்திக்கு அவனைப் போன் எடுக்க வைத்தேன்.

"துடக்கு ஆரால வந்தது?" என்று கேட்டாள்.

"பிள்ளையால."

"அப்ப அவளுக்காகத் தொட்டால் என்ன?"

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக் கதிரையில் தூங்கி எழும்பியவள் இவ்வளவு நறுக்காகவா பேசுவாள்? அந்த வரிகளை அடித்துவிட்டேன். அல்பேட் சொன்னபடி அவள் கேட்டது ஒன்றுதான்: "அறை நல்லாக் குளிருதோ?"

அனுஜன் காலுறையைக் கழற்றித் தரையில் வெறுங்காலை வைத்துப் பார்த்தான்.

"ஓம்."



5

என் தரை சூடாகிவிட்டது. அல்பேட்டும் மிச்சத்தைச் சொல்லாமல் போய்விட்டார். அனுஜனைத் தொடவைக்கலாம், ஆனால் பிறகு வாழ்நாள் முழுக்க அவன் பயப்படுவான். தொடாமல் விட்டால் பிள்ளை குளிரில் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் என்று புதிதாய் ஓர் ஆளைக் கதைக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை.

ஆனால் இவ்வளவு நேரமும் இந்த அறைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார்.

உங்கள் வீட்டில் துடக்கில்லையே? அல்பேட் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு மறுபக்கத்துக்கு வாருங்கள்.