கிளெண்டா வீட்டுத் தார்ப்பாய்

ரோண்டாவின் வீட்டை புல்டோசர் இடித்தபோது மில்பர்ன் ஊரே கூடி நின்று கைதட்டியது. எதிர்வீட்டு கிளெண்டாவும் தட்டினாள். உள்ளுக்குள் வயிறு பற்றி எரிந்தது. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை, பொறாமைதான். இருவரும் இருபது வருஷமாக எதிரெதிர் வீடு. கார் சீட் தைக்கும் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெஷின். போன வருஷம் கம்பெனியை மூடியபோது ஒரே நாளில் இருவருக்கும் வேலை போயிற்று. ரோண்டாவுக்கு மட்டும் டெலிவிஷன்காரர்கள் ஒரே வாரத்தில் மாளிகை கட்டித் தருகிறார்கள் என்றால் எந்த மகராசிக்குத்தான் எரியாது?

கஷ்டப்படுகிறவர்களுக்கு வீட்டைப் புதிதாக்கித் தந்து, பார்க்கிறவர்களை ஞாயிறுதோறும் அழவைக்கும் நிகழ்ச்சி அது. வேண்டுமென்றால் வீட்டைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். குளிர்காலத்தில் இருவரும் ஒரே கேமராவை வைத்துக்கொண்டு ஒருத்தி வீட்டை இன்னொருத்தி எடுத்தார்கள். ரோண்டாவின் மகன் கோரி சக்கர நாற்காலியோடு குளியலறைக் கதவில் சிக்கி நிற்பதை கிளெண்டா எடுத்தாள். கிளெண்டாவின் புருஷன் டுவைட், கூரை போடுகிறவன், உயரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு இன்ஷூரன்ஸ் இல்லாமல் கிடப்பதை ரோண்டா எடுத்தாள். ஊருக்கெல்லாம் கூரை போட்டவன் வீட்டில் மேலே நீலத் தார்ப்பாய், கீழே வாளி. அதையும் எடுத்தாள். அழைப்பு ரோண்டாவுக்கு மட்டும் வந்தது.

"நம்ம கஷ்டத்துக்குச் சக்கரம் இல்லை, அதான்" என்றாள் கிளெண்டா புருஷனிடம். சொன்ன மறுகணமே தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. கோரிக்கு வாரம் தவறாமல் மக்ரோனி செய்து கொண்டுபோய்க் கொடுப்பவளும் அவள்தான்.

ரோண்டாவையும் அவள் இரண்டு பிள்ளைகளையும் ஃப்ளோரிடாவுக்கு உல்லாசப் பயணம் அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். பாதி ஊர் வேலையில்லாமல் இருந்ததால் ஆளுக்குப் பஞ்சமில்லை. தச்சர், பெயிண்டர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் ஆரஞ்சு பனியனை மாட்டிக்கொண்டு சம்பளமில்லாமல் உழைத்தார்கள். பெண்கள் ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக்கொண்டு போய் சர்ச்சில் பந்தி வைத்தார்கள். கிளெண்டாவும் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு ஒரு தட்டு சுட்டுக்கொண்டு போனாள். அங்கேதான் செய்தி காதில் விழுந்தது. ஐந்து குளியலறையாம். சினிமா பார்க்கத் தனி அறையாம். கோரிக்குக் கப்பல் மாதிரி கட்டிலாம்.

காதில் கருவி மாட்டிய சின்னப் பெண் ஒருத்தி, கெல்சி என்று பெயர், படப்பிடிப்பையெல்லாம் பார்த்துக்கொண்டவள், தட்டோடு வரிசையில் வந்தாள். கிளெண்டாவால் வாயை அடக்க முடியவில்லை.

"ஏம்மா, மூணு பேருக்கு அஞ்சு குளியலறையா? அந்தப் புள்ளைக்குக் கதவை அகலமாக்குனா போதாதா?"

"அவங்க நிறைய பட்டிருக்காங்க மேடம்."

"யாரு படலை? இந்தத் தெருவுல பாதி வீட்டை பேங்க்காரன் பூட்டிட்டான். மீதி வீடு ஒழுகுது. அந்த சினிமா ரூம் காசுல தெரு முழுக்கக் கூரை போட்டுறலாம்."

"போடலாம்தான். ஆனா தெரு முழுக்கக் கூரை போடுறதை யாரு உக்காந்து அழுதுக்கிட்டே பார்ப்பாங்க?"

வரிசையில் நின்ற கொழுத்த ஏர்ல் சிரித்தான். "விடு கிளெண்டா. அஞ்சுல ஒண்ணை உனக்குக் கேட்டு வாங்கித் தர்றேன்." எல்லாரும் சிரித்தார்கள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் வயிற்றெரிச்சலோடு சொல்லும் நியாயத்தை எவன் காதில் வாங்குவான்? அவள் சுட்ட தட்டைக்கூட அன்று பாதிப் பேர் தொடவில்லை.

மறுநாள் கெல்சியே வாசலுக்கு வந்தாள்.

"குடும்பம் புது வீட்டைப் பார்க்கறப்போ அவங்க முகத்தை எடுப்போம். பின்னாடி உங்க வீடும் படத்துல விழுது. அந்தத் தார்ப்பாயை ஒரு நாளைக்கு எடுத்துருங்களேன்."

"எடுத்துட்டா ஓட்டைதான் தெரியும். கூரையைப் போட்டுக் குடு, எடுக்கறேன்."

"ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு குடும்பம்தான் மேடம்."

"அப்ப தார்ப்பாய் அங்கேயே இருக்கும்."

பாதிரியார் வந்து சொல்லிப் பார்த்தார். ஏர்ல் வந்து, நீ அந்தப் பையன் சந்தோஷத்தைக் கெடுக்கிறாய் என்று கத்திவிட்டுப் போனான். டுவைட்கூட படுக்கையிலிருந்து, "ஒரு நாள்தானே, போகட்டுமே" என்றான். கிளெண்டா அசையவில்லை. நாடே பார்க்கட்டும். அந்த மாளிகைக்கு எதிரே என்ன இருக்கிறதென்று ஒரு நொடியாவது பார்த்துத் தொலைக்கட்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு நொடிதான்.

குடும்பம் வந்திறங்கிய அன்று கெல்சி கையைத் தூக்கும்போதெல்லாம் ஊர் ஆரவாரம் செய்தது. சத்தம் போதவில்லை என்று திரும்பத் திரும்பக் கத்தவிட்டார்கள். ரோண்டா வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். அவள் தலைக்குப் பின்னால் பளீரென்று நீலமாகத் தெரிந்தது தார்ப்பாய். கிளெண்டாவுக்கு அன்றைக்கு அதுதான் சந்தோஷம்.

கேமராவெல்லாம் நகர்ந்த பிறகு ரோண்டா தெருவைத் தாண்டி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "உன் கூரையைப் பத்தி எத்தனையோ தடவை கேட்டேன்டி. மாட்டேன்னுட்டாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

"எனக்காக யாரும் கெஞ்ச வேண்டாம்" என்று கையை உதறிவிட்டாள் கிளெண்டா. ரோண்டா பரிதாபப்பட்டதுதான் இன்னும் எரிந்தது.

நவம்பரில் நிகழ்ச்சி வந்தது. ரோண்டா தெருவையே தன் சினிமா அறைக்குக் கூப்பிட்டிருந்தாள். ஊன்றுகோலோடு வந்த டுவைட்டைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துவிட்டு கிளெண்டா பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோண்டாவின் முகம் சுவரளவுக்கு வந்தது. எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். கிளெண்டா முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்குப் பின்னால் பார்த்தாள்.

தார்ப்பாய் இல்லை. அவள் வீட்டின் மேல் கருஞ்சாம்பல் நிறத்தில் புத்தம் புதுக் கூரை இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார்கள்.

டுவைட் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "ஓரமெல்லாம் சுத்தமா முடிச்சிருக்கான்" என்றான் மெதுவாக.

இத்தனை நாளும் எதிர்வீட்டைப் பார்த்து எரிந்தவளுக்கு அன்றைக்குத் தன் வீட்டைப் பார்த்தே எரிந்தது. அழகான வீடு அது. மழை வந்தால் அதற்குள் இருப்பவர்கள் நன்றாகத் தூங்குவார்கள்.

மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. வாளியை மாற்றிக்கொண்டிருந்தபோது இண்டியானாவிலிருந்து அவள் அக்கா நோர்மா போன் செய்தாள்.

"அடி கள்ளி! உன் கூரையையும் போட்டுக் குடுத்திருக்காங்க! கூடப் பிறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"அக்கா, அது வந்து..."

"பேசாதே. இங்க ரெண்டு ஜன்னலுக்குக் கண்ணாடி போட வக்கில்லாம பிளாஸ்டிக் ஒட்டி வெச்சிருக்கேன். ராத்திரி பூரா தூக்கம் வரலைடி. மறைக்க மாட்டேன், வயிறு எரியுது. நீ கொடுத்து வெச்சவ."

கிளெண்டா வாயைத் திறந்தாள். இந்த ஐம்பத்திரண்டு வயதில் அவளைப் பார்த்து யாரும் இப்படிச் சொன்னதில்லை. நிரம்பிய வாளியைக் காலால் தள்ளிவிட்டு அடுத்ததை ஒழுகும் இடத்தில் வைத்தாள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா" என்றாள். "நல்ல கூரை. முப்பது வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதாம்."