எவ்வளவு நேரம் ஆச்சு?

விஷத் தகவல் மையத்தின் அந்தத் தொலைபேசி அறைக்குள் முதன்முதலாகக் காலடி எடுத்துவைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இரண்டு மேசை, மூன்று நாற்காலி, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு தடித்த பதிவேடு. குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால், பெரியவர்கள் மருந்தை மாற்றிக் குடித்துவிட்டால், என்ன செய்வது என்று கேட்பதற்கான எண் இந்த மேசையில்தான் மணியடிக்கும்.

"இவ்வளவுதானாக்கா?"

"பின்ன, மாடமாளிகையா எதிர்பார்த்தே?" என்றாள் நர்ஸ். பதினோரு வருடமாக அந்தத் தொலைபேசியை எடுத்துப் பேசுகிறவள் அவள்.

நர்ஸ் அவளுக்கு ஓரகத்தி, புருஷனுடைய அண்ணன் மனைவி. ஓரகத்திகள் இரண்டு பேர் தலையோடு தலை முட்டிக் குசுகுசுவென்று பேசினாலே அந்தக் குடும்பத்தில் மற்றவர்கள் உஷாராகிவிடுவார்கள். "இவங்க ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்க, இனி நம்ம கதி என்னவோ" என்று அண்ணனும் தம்பியும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

இளையவளை வீட்டில் எல்லோரும் 'கட்டைவிரல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய தொழிலால் வந்த பெயர் அது. கடைக்காரர்கள், டாக்டர்கள், பள்ளிக்கூடங்கள் வைத்திருக்கும் இணையதளங்களைத் தேடினால் கிடைக்கும்படியும், கைப்பேசியில் தடுமாறாமல் பயன்படுத்தும்படியும் சரிசெய்து தருவது அவள் வேலை. எந்தத் தளத்தைக் கொடுத்தாலும் அவள் கணினியில் பார்க்க மாட்டாள். பத்து கிலோ அரிசிப் பையை இடது இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வாள். வலது கையில் கைப்பேசி. கட்டைவிரல் ஒன்றால் மட்டும் வேலை முடிந்தால் தளம் தேறியது, இல்லாவிட்டால் குப்பை. மகன் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் வேறு வழியில்லாமல் வந்த பழக்கம். மகன் பள்ளிக்கூடம் போன பிறகு அவனுடைய இடத்துக்கு அரிசிப் பை வந்தது. "இந்த அரிசி எப்பத்தான் சோறாகும்?" என்று புருஷன் கேலி செய்யாத நாள் கிடையாது.

"எங்க வெப்சைட்டைக் கொஞ்சம் பாரேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் கேட்டிருந்தாள். ஓரகத்திகளான இந்தப் பத்து வருஷத்தில் அவள் எதையும் யாரிடமும் கேட்டதில்லை. அதனால்தான் மறுநாளே வந்து நின்றாள் கட்டைவிரல்.

நர்ஸ் எதையும் விளக்காமல் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி. பெயர், வயது, விழுங்கியது என்ன. நான்காவது கட்டத்தின் தலைப்பு: 'எவ்வளவு நேரம் ஆச்சு?' அதன் கீழே நர்ஸின் உருண்டையான கையெழுத்தில் வரிசையாக இருந்தது. இரண்டு மணி நேரம். ஒன்றரை மணி. மூன்று மணி. நேற்று மாலை. நாற்பது நிமிடம் என்று ஒரே ஒரு இடத்தில் இருந்தது, அதுவும் அழைத்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர்.

நர்ஸ் ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். "இது மூணு வருஷத்துக்கு முன்னாடி. ரெண்டு வயசுப் பையன், ரிமோட்டுல போடற சின்ன வட்ட பேட்டரி. அவங்கப்பா போன்ல அழறாரு. எவ்ளோ நேரம் ஆச்சுன்னு கேட்டேன். 'காலையில முழுங்கினான் மேடம், தானா வெளிய வந்துடும்னாங்க. மனசு கேக்கல. ஒரு மணி நேரமா உங்க நம்பரைத் தேடறேன்'ங்கிறாரு."

"பையன்?"

"பேட்டரி மாட்டிக்கிட்ட இடம், தொண்டைக்குக் கீழ வெந்து போச்சு. காப்பாத்த முடியல." நர்ஸ் பதிவேட்டை மூடினாள். "நான் இங்க சும்மாத்தானே உக்காந்திருந்தேன்? அன்னிக்குக் காலையிலேர்ந்து போனே அடிக்கல. அவரு தேடிக்கிட்டு இருந்திருக்காரு, நான் டீ குடிச்சிக்கிட்டு இருந்திருக்கேன். சீக்கிரமா வரணும். எனக்கு அவ்ளோதான் வேணும். நேரத்தோட கூப்பிடணும்."

கட்டைவிரல் மடிக்கணினியைத் திறந்தாள்.

தேடுபொறிக்காரர்கள் தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். மக்கள் என்ன தட்டியபோது நம் பக்கம் முடிவுகளில் வந்தது, எத்தனையாவது இடத்தில் வந்தது, எத்தனை பேர் அதைத் தொட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். துணிக்கடைக்கும் பல் டாக்டருக்கும் அதை ஆயிரம் தடவை பார்த்துச் சலித்தவள் அவள். அன்று பிற்பகல் அந்த அறையில் அது திறந்தபோது அவள் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"என்னடி?"

அவள் படித்தாள். "பாப்பா பேட்டரி முழுங்கிட்டா. தரை துடைக்கற மருந்து வாயில பட்டா என்ன பண்ணணும். தம்பி பினாயில் குடிச்சிட்டான். அப்பா பிரஷர் மாத்திரை குழந்தை சாப்டுச்சு." கீழே போகப் போக எழுத்துப் பிழை கூடியது, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் போனது. பதறும் விரல் அப்படித்தான் தட்டும். "குழந்தமுழுங்கிருச்சு சீக்கிரம். யாராவது சொல்லுங்க. பேட்டரி முழுங்கிட்டான் ப்ளீஸ்."

"தேடற பெட்டிகிட்ட போயி யாராச்சும் ப்ளீஸ்னு கெஞ்சுவாங்களா?"

"கெஞ்சியிருக்காங்கக்கா. ஒருத்தர் இல்ல. ஒரே ஒருத்தர் தட்டினா இந்தப் பட்டியல்ல காட்ட மாட்டாங்க. பல பேர் தட்டினாத்தான் வரும்."

கட்டைவிரல் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தாள். போன மாதம் மட்டும் நாலாயிரத்து எழுநூறு தடவை. நாலாயிரத்து எழுநூறு அடுப்படிகளிலும் குளியலறை வாசல்களிலும் யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்று, உள்ளங்கை அகலக் கண்ணாடியைப் பார்த்து மன்றாடியிருக்கிறார்கள். மணி அடிக்காத அந்தத் தொலைபேசியை அவள் திரும்பிப் பார்த்தாள். அமைதியாக இருந்த அறைக்கு வெளியே இத்தனை குரல்கள் இருந்திருக்கின்றன. பன்னிரண்டு வருடத் தொழிலில் அவளுக்கு இப்படி ஒரு பிரமிப்பு வந்ததில்லை.

"நாம எத்தனாவது இடம்?" என்றாள் நர்ஸ்.

"அறுபத்திரண்டு. ஆறு பக்கம் தள்ளிப் பார்த்தாத்தான் வருவோம். தொட்டவங்க ஒன்பது பேர்."

"முதல்ல யாரு?"

அவள் கைப்பேசியில் தொட்டுப் பார்த்தாள். ஊர் பேர் தெரியாத யாரோ, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொல்லியிருந்தான். கீழே எழுபது பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "படுபாவி! எதைச் செய்யவே கூடாதோ அதைச் சொல்லி வெச்சிருக்கான்."

மையத்தின் இணையப் பக்கத்தில் 'பேட்டரி' என்ற சொல்லே இல்லை. 'முழுங்கிட்டா' இல்லை. 'நச்சியல் தகவல், ஆய்வு மற்றும் ஆலோசனை மையம் தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. குழந்தை வாயில் நுரையோடு நிற்கும்போது எந்தத் தாய் நச்சியலைத் தேடுவாள்? எண்ணைத் தேடினால், அது ஓர் அழகான பூப்போட்ட படத்துக்குள் இருந்தது. படத்தில் இருக்கும் எண்ணைத் தேடுபொறி கண்டுகொள்ளவில்லை, விரல் தொட்டாலும் அழைப்புப் போகாது. அதற்கும் மேலே ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய டாக்டரின் புகைப்படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெரிய டாக்டர் ரிப்பன் வெட்டுகிறார். பெரிய டாக்டர் பூங்கொத்து வாங்குகிறார். பெரிய டாக்டர் மறுபடியும் ரிப்பன் வெட்டுகிறார்.

"இந்தப் படத்தையெல்லாம் தூக்கணும்க்கா."

"அவர் மூக்குக் கண்ணாடியைக்கூட நான் தொட்டுடுவேன். அந்தப் படத்துல கை வெக்க மாட்டேன்" என்றாள் நர்ஸ்.

மறுநாள் பெரிய டாக்டரின் அறைக்கு அரிசிப் பையோடு போனாள் கட்டைவிரல். மையத்தின் தலைவர் அவர். நல்ல மனிதர்தான், புகழ்ச்சி கொஞ்சம் பிடிக்கும். பக்கத்தில் நர்ஸ் கைக்கடிகாரத்தோடு நின்றாள்.

"சார், இது உங்க பேரக்குழந்தைன்னு வெச்சுக்குங்க. பேட்டரியை முழுங்கிடுச்சு. இடுப்புல தூக்கிக்குங்க. ஒத்தைக் கையால இந்த போன்ல நம்ம நம்பரைக் கண்டுபிடிச்சுக் கூப்பிடணும்."

"இதென்ன விளையாட்டு" என்று சிரித்துக்கொண்டே அவர் பையை வாங்கினார். பக்கம் திறக்க இருபத்தைந்து நொடி ஆனது. முதலில் ஒரு வரவேற்புப் பெட்டி திரையை மறைத்தது. அதை மூடும் குறி கடுகளவு. அவருடைய தடித்த விரல் மூன்று முறை தவறி, நான்காவது முறை ரிப்பன் வெட்டும் படத்தில் பட்டது. படம் பெரிதாகி விரிந்தது. பின்னால் போனார். மறுபடி வரவேற்புப் பெட்டி. நெற்றியில் வியர்த்தது. கடைசியாகப் பூப்போட்ட எண்ணைக் கண்டுபிடித்துத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பத் தொட்டார். அந்த எண்ணை மனப்பாடமாக முணுமுணுத்துக்கொண்டே தட்டிப் பார்த்தார், நடுவில் இரண்டு இலக்கம் மறந்துபோனது. கை வலிக்கவே பையை மேசைமேல் வைத்தார்.

"குழந்தையைக் கீழ வெச்சிட்டீங்க சார்" என்றாள் நர்ஸ். "நாலு நிமிஷம் பத்து செகண்ட்."

அவர் பையைப் பார்த்தார். முகத்திலிருந்து சிரிப்பு அடியோடு போய்விட்டது.

"எல்லாத்தையும் எடுத்துடும்மா" என்றார். அவர்கள் கதவுவரை போன பிறகு, "அடியில எங்கயாவது ஒரு ஓரமா, சின்னதா ஒரு படம்..." என்று இழுத்தார். பாவம், மனிதர்தானே. சின்னதாக ஒன்று வைத்தார்கள்.

பத்து நாள் இரண்டு பேரும் அந்த அறையிலேயே கிடந்தார்கள். பக்கம் திறந்ததும் படத்துக்குள் ஒளியாமல் எழுத்தாகவே எண், தொட்டால் அழைப்புப் போகும் பெரிய சிவப்புப் பட்டை, கட்டைவிரல் எட்டுகிற உயரத்தில். அதன் கீழே 'என்ன முழுங்கினாங்க?' என்ற கேள்வி. பேட்டரிக்கு ஒரு பக்கம், பினாயிலுக்கு ஒரு பக்கம், மாத்திரைக்கு ஒரு பக்கம். தலைப்பெல்லாம் அந்தப் பட்டியலில் மக்கள் தட்டிய சொற்களிலேயே. செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் நர்ஸ் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, டாக்டர் சரிபார்க்க, அவள் ஏற்றினாள். நர்ஸ் 'உட்கொள்ளுதல்' என்றாள். இவள் 'முழுங்கிட்டா' என்றாள். ஒரு நாள் முழுக்க அதற்கே சண்டை. "ஆபீஸ் வெப்சைட்ல இப்படியா எழுதுவாங்க?" என்று நர்ஸ் பொருமினாள். "ப்ளீஸ்னு கெஞ்சினவங்ககிட்ட போயி இலக்கணமா பேசுவீங்க?" என்று இவள் கேட்டதும் அடங்கினாள். பக்கம் இப்போது இரண்டு நொடியில் திறந்தது.

ஆனால் தேடுபொறி நம்முடைய அவசரத்துக்கு வருமா? முதல் வாரம் அறுபதாவது இடம். இரண்டாம் வாரம் நாற்பத்தொன்று. "என்னடி கட்டைவிரல், இன்னும் போன் தூங்குது" என்று நர்ஸ் தினமும் கேட்பாள். மூன்றாம் வாரம் பத்தொன்பது. கட்டைவிரலுக்கே உள்ளுக்குள் உதைப்பு. ஆயிரம் கடைகளை முதல் பக்கத்துக்கு ஏற்றியவளுக்கு, இது ஏறாவிட்டால் தன் தொழிலுக்கே அர்த்தமில்லை என்று தோன்றியது. ஆறாம் வாரம் எட்டு என்று காட்டியது, முதல் பக்கம். அன்று கைப்பேசியை வைத்துவிட்டு அவள் அழுதுவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் காலை, பேட்டரிப் பக்கத்தில் ஒரு வரி திருத்த வந்தவள் நர்ஸுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணி இருக்கும். தொலைபேசி அடித்தது.

ஓர் ஆணின் குரல், மூச்சிரைத்தது. நர்ஸ் ஒலிபெருக்கியில் போட்டாள். பின்னால் ஒரு குழந்தை கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தது.

"மேடம், பொண்ணு பேட்டரி முழுங்கிட்டா. ஒன்றரை வயசு. ரிமோட்ல இருந்தது, வட்டமா."

"சரிங்க, பதட்டப்படாதீங்க. எவ்ளோ நேரம் ஆச்சு?" பதினோரு வருடப் பழக்கத்தில் நர்ஸின் பேனா நான்காவது கட்டத்துக்குப் போய்க் காத்திருந்தது.

"இப்பத்தாங்க."

"எப்பன்னு சொன்னீங்க?"

"இப்பத்தான் மேடம்! என் கண்ணு முன்னாடி. அவளைத் தூக்கிக்கிட்டுத்தான் பேசறேன்."

நர்ஸின் முகத்தைக் கட்டைவிரல் அப்போது பார்த்தாள். அந்தச் சொல்லை அவள் இந்த அறையில் கேட்டதே இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பேனா அசையவில்லை. பிறகு குரல் தெளிவாக வந்தது. "வாந்தி எடுக்க வெக்காதீங்க. அழலைன்னு காத்திருக்காதீங்க. இப்பவே கிளம்புங்க. எந்த ஏரியா? அங்க எந்த ஆஸ்பத்திரின்னு சொல்றேன், நீங்க போறதுக்குள்ள நான் அங்க பேசிடறேன்." ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. "செருப்புகூட போடல மேடம், இறங்கிட்டேன்" என்று படிக்கட்டிலிருந்து அவர் சொன்னது கேட்டது. குழந்தை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

நர்ஸ் மருத்துவமனைக்குப் பேசி முடித்தாள். பிறகு பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, மணிக்கணக்காக நிறைந்திருந்த அந்தக் கட்டத்தில் 'இப்பத்தான்' என்று எழுதினாள். எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. கட்டைவிரல் எழுந்து போய் அவள் தோளில் கைவைத்தாள்.

ஒன்றரை மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பேட்டரியை எடுத்தாகிவிட்டது, காயமில்லை, பாப்பா பால் கேட்டு ஊரைக் கூட்டுகிறாள்.

நர்ஸ் அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தாள். "அந்த மனுஷன் அந்த நேரத்துல என்னன்னு தட்டியிருப்பாரு? உன் பட்டியல்ல பார்த்துச் சொல்லேன்."

"தெரியாதுக்கா. ஒருத்தர் மட்டும் தட்டினது அதுல வராது."

நர்ஸ் பதிவேட்டைப் பார்த்தாள். "வராட்டிப் போகுது" என்றாள். "நமக்குக் கேட்டுச்சில்ல."

தொலைபேசி மறுபடியும் அடித்தது. நர்ஸ் பேனாவை எடுத்துக்கொண்டாள்.