மேடைக்காக நிறுத்திய மாத்திரை

வியாழக்கிழமை காலை ஏழரை மணி. மருமகள் ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் இன்னொரு கையில் மாத்திரை அட்டையுமாக மாமனாரின் அறைக்குள் நுழைந்தாள். அட்டையை அவள் பிதுக்குவதற்குள் பின்னாலேயே வந்த கணவர் அதைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை விழா முடியற வரைக்கும் இது வேணாம்" என்றார்.

கணவர் ஓர் அச்சகத்தின் முதலாளி. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், பேனர் எல்லாம் அடிப்பவர். தன் பெயருக்கு முன்னால் நாலு பட்டம் சேர்த்து விசிட்டிங் கார்டும் அடித்து வைத்திருந்தார். அந்தப் பட்டங்களை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் ஆளுக்குக் கோபம் வரும்.

கட்டிலில் கிடந்த அவருடைய அப்பா ஒரு காலத்தில் மின்கம்பம் ஏறி வேலை பார்த்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் மேலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டில் அடி. அன்றிலிருந்து கால்கள் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தசைகள் இறுகி, முட்டி மடங்காமல், வெட்டி வெட்டி இழுக்கும். அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் வேளைக்கு ஒன்றாக நாளைக்கு மூன்று மாத்திரை. போட்டால் கால் இளகும், சக்கர நாற்காலியில் உட்கார முடியும். கூடவே கொஞ்சம் தூக்கமும் வரும்.

அந்தத் தூக்கம்தான் அச்சகக்காரருக்கு இடைஞ்சல். பெற்றோரைப் பேணும் பிள்ளைகளுக்குப் பரிசு தரும் சங்கம் ஒன்று இந்த வருஷம் 'சிறந்த மகன்' கேடயத்தை அவருக்கு அறிவித்திருந்தது. விண்ணப்பத்தை அவரே எழுதி, அவரே அச்சடித்து, அவரே கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது என்று அதில் அவர் பெருமையாக எழுதியிருந்த வேலை அத்தனையும் மருமகள் செய்வது. போட்டோவுக்காக ஒரு நாள் அப்பாவுக்கு ஒரு வாய் ஊட்டினார். ரெண்டாவது வாய்க்குள் போன் வந்து எழுந்து போய்விட்டார்.

"மேடையில அவர் தூங்கி வழிஞ்சா என் மானம் என்னாவறது? மைக்கைக் குடுத்தா என்னைப் பத்தி நாலு வார்த்தை பேச வேணாமா?"

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடலாங்க. இத்தனை வருஷமா சாப்பிடற மருந்து. பட்டுனு நிறுத்தினா ஏதாவது ஆயிடப் போவுது."

"ஒரு மாத்திரைக்கு டாக்டரா? எனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஆனால் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. கட்டிலிலிருந்து பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததற்கும், "நீங்க சும்மா இருங்கப்பா" என்று ஓர் அதட்டல்தான் கிடைத்தது. அட்டையோடு சுற்றி வைத்திருந்த டாக்டரின் மருந்துச் சீட்டும் அச்சகக்காரர் பைக்குள் போய்விட்டது. இருந்தும் மருமகள் ஒரு போன் போட்டு டாக்டரைக் கேட்டிருக்கலாம். வீட்டில் சண்டை வேண்டாமே என்று அவள் வாயை மூடிக்கொண்டதில் எனக்கு அவள் மேலும் வருத்தம்தான்.

வெள்ளிக்கிழமை பெரியவர் பகலில் தூங்கவில்லை. அச்சகக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? மனுஷன் எப்படித் தெளிவா இருக்காரு. எட்டு வருஷமா மாத்திரையைக் குடுத்துக் குடுத்து நீதான் அவரைக் கெடுத்து வச்சிருக்க" என்று மருமகளுக்கே பாடம் நடத்தினார். அன்று சாயங்காலம் பெரியவருக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுத்தது. அவள் எண்ணெய் தடவிவிட்டாள்.

சனிக்கிழமை கால்கள் ரெண்டும் கட்டைமாதிரி விறைத்துக்கொண்டன. பெரியவர் கூரையைப் பார்த்து, "மேல வயர் எரியுது. யாராவது மெயினை ஆஃப் பண்ணுங்க" என்றார். மேலே வயரும் இல்லை, நெருப்பும் இல்லை. இல்லாததைப் பார்த்துப் பேசுகிறார் என்று மருமகள் பயந்துபோய் அச்சகத்துக்கு ஓடினாள். முதலாளி தன் படம் போட்ட பேனரில் சிவப்பு போதவில்லை என்று மெஷின்காரரைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"பேசறாரில்ல? பேசத்தானே வேணும்" என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தார். பெற்ற அப்பன் புத்தி தடுமாறிப் பேசுகிறான் என்றால் இந்த ஆளுக்கு அது மேடைக்கு ஒத்திகை.

ஞாயிறு காலை பெரியவருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. புதுச் சட்டை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்தால் முட்டி மடங்கவில்லை, கால் நீட்டிக்கொண்டு நின்றது. அச்சகக்காரர் என்ன செய்தார் தெரியுமா? பேப்பர் கட்டு கட்டும் நாடாவைக் கொண்டுவந்து, அப்பாவின் கால்களை அழுத்தி மடக்கி நாற்காலியோடு சேர்த்துக் கட்டப் பார்த்தார். முதல் முடிச்சு போடுவதற்குள் பெரியவரின் கண் மேலே செருகியது. வாய் கோணி, உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது.

அப்போதுதான் அந்த மகானுக்கு மாத்திரை ஞாபகம் வந்தது. பையிலிருந்து அட்டையை எடுத்துப் படபடவென்று பிதுக்கினார்.

"மூணு நாளைக்கு ஒன்பது. விட்டுப்போன ஒன்பதையும் ஒண்ணாக் குடுத்துட்டா சரியாப் போயிடும். தண்ணி கொண்டா."

"உங்களுக்கு அறிவு இருக்கா?" கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பார்த்துக் கேட்காத கேள்வி அது. அவர் கையைத் தட்டிவிட்டாள். மாத்திரைகள் தரையில் சிதறின. மாமனாரைக் கீழே இறக்கி ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே டாக்டரம்மா கணவன் மனைவி ரெண்டு பேரையும் நிற்கவைத்துக் கேட்டார்.

"மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?"

"தூக்கம் ரொம்ப வருதேன்னு, அவர் நல்லதுக்குத்தான்..." என்று அச்சகக்காரர் இழுத்தார்.

"தூக்கம் வருதுன்னா அதை எங்கிட்ட வந்து சொல்லணும். வேளையை மாத்திப் பாப்பேன், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுப் பாப்பேன். வருஷக்கணக்கா உடம்புக்குப் பழகின மருந்தைத் திடீர்னு நிறுத்தினா காய்ச்சல், பிரமை, வலிப்பு எல்லாம் வரும். உயிரே போகும். விட்டதைச் சேர்த்து மொத்தமாக் குடுத்திருந்தா மூச்சு நின்னிருக்கும். நினைவில்லாதவர் வாயில மாத்திரை போட்டா அதுவே தொண்டையை அடைக்கும். மருந்துப் பெட்டிக்குள்ள ஒரு சீட்டு இருக்குமே, அதைப் படிக்கலையா?"

"எழுத்து ரொம்பப் பொடிசு டாக்டர். பேப்பரும் மட்டம்."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த நிமிஷம் அச்சகக்காரர் சங்கச் செயலாளருக்குப் போன் செய்தார். அப்பாவுக்குத் திடீரென்று முடியாமல் போய்விட்டது, மகன் பக்கத்தை விட்டு நகராமல் இருக்கிறான், கேடயத்தை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தால் படம் இன்னும் உருக்கமாக வரும் என்றார். பக்கத்தில் நின்ற மருமகள் அத்தனையும் கேட்டாள். சீ என்று ஆகிவிட்டது அவளுக்கு.

பெரியவர் ரெண்டு நாள் இழுபறியில் கிடந்தார். மாத்திரையை மறுபடி தொடங்கி, வலிப்புக்கு ஊசி போட்டு, எப்படியோ மீட்டுவிட்டார்கள். புதன்கிழமை வார்டுக்கு மாற்றினார்கள். பகல் பதினொரு மணிக்குச் செயலாளர் கேடயத்தோடும் ஒரு போட்டோகிராபரோடும் வந்து சேர்ந்தார். அச்சகக்காரர் தலையை வாரிக்கொண்டு கட்டிலோரம் போய் அப்பாவின் கையைப் பிடித்தார். பெரியவர் கையை உருவிக்கொண்டார்.

"நல்லதுக்குத்தான்ப்பா செஞ்சேன்" என்றார் மகன் தணிந்த குரலில்.

"நல்லதுக்கா? யாரு நல்லதுக்குடா?" பெரியவரின் குரல் கரகரத்தாலும் வார்த்தை தடுமாறவில்லை. "என் காலு இறுகிப்போச்சு, என் புத்தி இறுகலை. இந்த மாத்திரையைக் கூட்டறதா இருந்தாலும் குறைக்கறதா இருந்தாலும் நிறுத்தறதா இருந்தாலும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும். எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும். படுத்துக் கிடக்கறவன் உடம்பு உங்க வசதிக்கு ஏத்தி இறக்கற சாமான் இல்லடா."

வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட நினைத்து, "ஐயா, எங்க சங்கத்து ஆண்டு மலர்ல போடறதுக்கு, உங்களைப் பாத்துக்கறவரைப் பத்தி ரெண்டு வரி சொல்லுங்களேன்" என்றார்.

"எழுதிக்குங்க" என்றார் பெரியவர். "எட்டு வருஷம் என்னைப் பாத்துக்கிட்டது என் மருமக. மூணே மூணு நாள் பாத்துக்கிட்டது இவன். அந்த மூணு நாள்ல நான் எங்க வந்து கிடக்கறேன்னு பாத்துட்டு, கேடயம் யாருக்குன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."