சுபமுகூர்த்தப் பத்திரிகை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் என் செருப்புக் கடைல ஒக்காந்து, போன வாரம் யாரோ அனுப்பின லிங்குல எறக்குன ஆப்புல ஓசி கிரிக்கெட் பாத்துக்கினு இருந்தேன். மச்சான் ரவூப், அவன் தம்பி கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸப்புல அனுப்பிருந்தான். தொட்டா, "வெளியிலேர்ந்து வர்ற ஆப், இன்ஸ்டால் பண்ணவா?"ன்னு போன் கேக்குது. பத்திரிகைக்கு எதுக்குய்யா ஆப்பு? அதுவும் மேல 'சுபமுகூர்த்தம்'னு போட்டிருக்கு! உடனே கூப்ட்டேன்.

"இன்னாடா, நிக்காஹ்வுக்கு எப்பலேர்ந்து முகூர்த்தம் பாக்குற? கண்டதையும் இன்ஸ்டால் பண்ணிட்டியா?"

"நான் அனுப்பலியே! நேத்து எனக்கும் இதே மாதிரி பத்திரிகை வந்துச்சு. தொறந்தேன், அவ்ளோதான், போனே தானா எல்லாருக்கும் அனுப்புது."

"அறிவு வேணாம்? எவன் அனுப்புனான்?"

"கத்தாத மச்சான். உன் நம்பர்லேர்ந்துதான் வந்துச்சு."

என் போன்ல வெளியிலேர்ந்து எறக்குனது அந்த ஓசி கிரிக்கெட் ஒண்ணுதான்.