ஸ்டிடம் என்று எழுதிய சீட்டு

எங்கள் துப்பாக்கிக் கடைக்கு வந்த ராண்டல் ஸ்டிடமிடம் அந்தத் துப்பாக்கியைப் பற்றி வாய் கிழியப் பேசியது நான்தான். சேற்றில் புதைத்து எடுத்தாலும் வெடிக்கும், ஆயிரம் தோட்டா சுட்டாலும் ஒன்றுகூடச் சிக்காது என்று அரை மணி நேரம் அளந்துவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். கேஸ் குழாய் பதிக்கிற வேலை, ஞாயிறு தவறாமல் சர்ச், எதிரே யார் வந்தாலும் தொப்பியைத் தொட்டு ஒரு கும்பிடு. அப்படிப்பட்ட ஆளிடம் பேச யாருக்குத்தான் கசக்கும்?

அது புதன்கிழமை. படிவத்தில் இருந்த கேள்விகளில் ஒன்றுக்கும் சங்கடப்படாமல் பதில் எழுதிக் கொடுத்தான். விற்கும் முன் கேட்டாக வேண்டிய அரசாங்க விசாரணை எண்ணுக்குப் போன் போட்டு அவன் பெயரைச் சொன்னேன். கொடு என்று பதில் வரும், கொடுக்காதே என்று வரும், இரண்டுமில்லாமல் பொறு என்றும் வரும். அவனுக்குப் பொறு என்று வந்தது. ஆபீஸ் நாள் மூன்று கழிந்தும் மேற்கொண்டு பதில் வராவிட்டால், கடைக்காரன் இஷ்டப்பட்டால் கொடுக்கலாம். சட்டம் அப்படி. இந்தக் கென்டக்கி மலைப் பக்கம் ஒரே பெயரில் ஒன்பது பேர் இருப்பார்கள், அதனால் பொறு என்பதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வழக்கம்போலப் பெட்டியின் மேல் மஞ்சள் சீட்டு ஒட்டி, 'ஸ்டிடம், செவ்வாய்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில் வைத்தேன். இருபது வருடமாக அப்படித்தான் வைக்கிறோம். கடைக்கு வருகிற எவரும் படிக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பெண் வந்தாள். என் வயதை ஒட்டியவள், நாற்பதுக்குள் இருக்கும். பள்ளிக்கூடச் சமையலறைச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. வாசலில் இடம் காலியாகக் கிடக்க, காரைக் கடைக்குப் பின்புறம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள்.

"முதல் தடவையா வாங்குறேன். செமி ஆட்டோமேட்டிக். எது கண்டிப்பா வெடிக்கும்?"

முதல் தடவை வருகிறவர்கள் நிறம் கேட்பார்கள், எடை கேட்பார்கள், கைப்பையில் அடங்குமா என்பார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"ரிவால்வர் பாக்கலாமே. அதுல சிக்குற பிரச்சினையே கெடையாது" என்றேன்.

"அஞ்சு, ஆறு தோட்டா எனக்குப் பத்தாதுங்க."

கேலிக்கு ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

அந்த நேரம் கடை முதலாளி வெர்ஜில் குறுக்கே புகுந்தான். என் மனைவியின் அண்ணன். பெண்கள் என்றால் உள்ளங்கை அளவில், ரோஜா நிறப் பிடி போட்ட ஒன்றை எடுத்து நீட்டுவது அவன் வழக்கம். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். சின்னதாக இருக்கிற துப்பாக்கிதான் கையில் அதிகம் உதறும், அதன் ஸ்ப்ரிங்கும் முரட்டுத்தனமாக இருக்கும், புதிதாகப் பிடிக்கிறவர்களைப் படுத்தி எடுத்துவிடும்.

"பொம்மைய உள்ள வை மச்சான்" என்றேன்.

"என் தங்கச்சிக்கு நீ வாங்கித் தந்தது இதுதான மாப்ள?"

"அதனாலதான் சொல்றேன். அது மேசை டிராயர்லயே தூங்குது."

அவள் சிரிக்கவில்லை. நான் நடுத்தர அளவில் மூன்றை எடுத்துக் காலி என்று காட்டிவிட்டு விரிப்பின் மேல் வைத்தேன். பிடித்துப் பார்க்கச் சொன்னேன். விரல் விசையை எட்டுகிறதா, பிடி உள்ளங்கையில் முழுக்கப் பதிகிறதா என்று பார்த்தேன். ஒன்று பெரிதாக இருந்தது, ஒதுக்கினேன். மீதி இரண்டையும் எடுத்துக்கொண்டு பின்கட்டில் இருக்கும் சுடும் கூடத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

முதல் தோட்டாவே ஏறவில்லை, பாதியில் நின்றுவிட்டது.

"இது சரியில்ல" என்றாள்.

"துப்பாக்கி சரியாத்தான் இருக்கு. பாதி அது பாக்கும், பாதி நீங்க பாக்கணும்." மேலே பின்னுக்கு இழுபடும் இரும்பை, நாங்கள் ஸ்லைடு என்போம், தொட்டுக் காட்டினேன். "இத முழுக்க இழுத்துட்டு அப்படியே விட்டுடணும். நீங்க கையாலயே புடிச்சு மெதுவா கொண்டுபோய் விடுறீங்க. அப்படிச் செஞ்சா தோட்டா ஒழுங்கா உக்காராது. அவசரத்துல அது போதும், கதை முடிஞ்சிடும்."

மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் கூடவே கையைக் கொண்டுபோய் ஓசைப்படாமல் வைத்தாள்.

"படார்னு விடுங்க. ஒடையாது."

"வரலைங்க." அவளுக்கே கூச்சமாக இருந்தது. "பதினோரு வருஷமா கதவு, டிராயர், சட்டி எல்லாத்தையும் சத்தம் வராம வச்சே பழகிட்டேன். சத்தம் கேட்டா அவருக்குப் பிடிக்காது."

தோட்டாக்களைத் திரும்ப நிரப்பிக் கொடுத்தேன். பத்து தடவை இழுத்ததில் இரண்டு தடவை சரியாக வந்தது. மற்றபடி மணிக்கட்டு ஆடவில்லை, குறி அட்டைக்குள்ளேயே விழுந்தது.

முன்னால் திரும்பி வந்தோம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் குனிந்தவள் நிமிர்ந்தபோது எனக்குப் பின்னால் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அந்த ஸ்டிடம்... ராண்டலா?"

"ஆமா, ராண்டல்தான். உங்களுக்குப் பழக்கமா?" என்று கேட்டேன், மடையன்.

"என் வீட்டுக்காரர். போன திங்கக்கிழமை ஜட்ஜ் அவர என் பக்கம் வரக்கூடாதுன்னு எழுதிக் குடுத்தார். துப்பாக்கி வாங்கக்கூடாதுன்னும் அதுலயே இருக்கு." கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து விரித்தாள். மார்லா ஸ்டிடம் என்று பெயர் இருந்தது. "செவ்வாய்னா வர்ற செவ்வாயா?"

தலையாட்டினேன். கோர்ட்டில் எவரோ அதை இன்னும் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. பொறு என்று வந்ததற்கு அதுதான் அர்த்தம். என் காது இரண்டும் சுட்டது.

"அவர் எடுத்த மாடல் இதுல எது?"

காட்டினேன்.

"அதையே குடுங்க. சிக்குற சாமான அவர் வாங்கவே மாட்டார்."

அவள் பெயருக்குப் போன் போட்ட இரண்டு நிமிடத்தில் கொடு என்று வந்தது. என் பெயரையும் கைபேசி எண்ணையும் ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தேன், அவளுடையதை வாங்கிக்கொண்டேன். "வீட்ல தோட்டா போடாம இழுத்து இழுத்து விடுங்க. சத்தம் கேக்கட்டும்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அவள் போனதும் ஷெரிப் ஆபீசுக்கு, எங்கள் பக்கத்துப் போலீஸ் அதுதான், பேசினேன். விசாரணை எண்ணுக்கும் பேசிக் கோர்ட் தாளைப் பற்றிச் சொன்னேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள் இரண்டு பேரும். செவ்வாய்க்கிழமை காலைவரை பதில் பொறு என்றே இருந்தது.

"சட்டப்படி குடுக்கலாம் மாப்ள. அவன் ஊர் பூரா நம்மளப் பத்திப் பேசுவான்" என்றான் வெர்ஜில்.

"பேசட்டும். நீ குடுக்குறதா இருந்தா இப்பவே சாவிய வாங்கிக்க, நான் கெளம்புறேன்."

வெர்ஜில் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியை இரும்பு அறைக்குள் வைத்துப் பூட்டினான். நான் ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

பத்தரை மணிக்கு ராண்டல் வந்தான். தொப்பியைத் தொட்டான்.

"மூணு நாள் ஆச்சு ஹாலிஸ்."

"குடுக்குறதா இல்ல."

"ஓ." கோபப்படுவான் என்று காத்திருந்தேன். அவன் காலியான அலமாரியைப் பார்த்தான், பிறகு என்னை. "வெள்ளிக்கிழம மார்லா கார் பின்னால நின்னுச்சாமே. என்ன வாங்கினா?"

நான் விரிப்பை மடித்து ஓரமாக வைத்தேன்.

"பாவம். ஊறுகா பாட்டில் மூடியத் திறக்கவே என்கிட்டதான் வருவா. அவ கையில போய் துப்பாக்கியா?" சிரித்தான், நல்ல சிரிப்பு, சர்ச் வாசலில் சிரிப்பானே அதேதான். கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றான். "பரவால்ல விடு. மான் சுடுற ரைஃபிள் வண்டிலயே கெடக்கு."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவன் வண்டியின் பின் கண்ணாடியை ஒட்டிய சட்டத்தில் அது குறுக்கே மாட்டியிருந்தது. இந்த ஊரில் பாதி வண்டிகளில் மாட்டியிருப்பதுதான், என் வண்டியிலும் உண்டு. ஆறு நாளாக ஒரு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

எங்கள் கடை வாசலில் இடது பக்கம் திரும்பினால் டவுன். வலது பக்கம் ஓடைக்கரை ரோடு, மலையோடு முடிந்துபோகும். கடைசி மூன்று வீட்டில் ஒன்று மார்லாவுடையது. அவன் வண்டி வலது பக்கம் திரும்பியது.

வெர்ஜில் கடைப் போனில் ஷெரிப் ஆபீசைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தான். "இருபத்தஞ்சு நிமிஷமா? அங்க போக பத்து நிமிஷம்கூட ஆவாதுய்யா" என்றான். நான் கைபேசியில் மார்லாவை அழைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"கெளம்பிட்டாரா?" என்றாள். நான் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"இப்பதான்."

"எந்தப் பக்கம் திரும்பினார்?"

"வலது பக்கம். மார்லா, கார எடுத்துட்டு..."

"ஒரே ரோடுதான் இருக்கு ஹாலிஸ். அவர் அதுலதான் வந்துட்டிருக்கார்."

போனை எதன் மேலோ வைத்தாள். மரத்தில் பட்ட ஓசை கேட்டது, மெதுவான ஓசை. பிறகு டிராயர் ஒன்று திறந்தது. பிறகு ஸ்லைடு முழுக்கப் பின்னால் போய், பிடிக்க ஒரு கையும் இல்லாமல், படாரென்று முன்னால் வந்து அடித்தது.