இலவசக் கரண்டில் ஓடிய பஸ்

சின்னராஜ் பெற்ற பிள்ளையையே நம்பாத ஆள். தக்காளித் தோட்டத்து மோட்டார் தண்ணீரை இழுக்காமல் முக்கியதும், பக்கத்துத் தோட்டத்துக்காரன் தன் லைனில் கொக்கி போட்டுவிட்டான் என்று ஈ.பி. ஆபீசில் போய்ப் புகார் சொன்னார். மறுநாள் விடிந்ததும் ஜீப் வந்துவிட்டது.

ஜீப்பில் வந்த என்ஜினீயர் பக்கத்துத் தோட்டத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சின்னராஜின் மோட்டார் கொட்டாய்க்குள் நுழைந்து தென்னை ஓலையைக் காலால் தள்ளினார். அடியில் தடி ஒயர். அது வரப்போடு ஓடி, களத்தில் நின்ற பள்ளிக்கூட பஸ்ஸுக்குள் போயிருந்தது. டீசல் வண்டிகளை எல்லாம் தள்ளிவிட்டு இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் கரண்டு பஸ் வாங்கியிருந்தது. அவர்கள் ஊர் உத்தனப்பள்ளிக்கு வரும் பஸ் முன்பிருந்தே இரவில் அந்தக் களத்தில்தான் நிற்கும்.

“விவசாயத்துக்குன்னு சும்மா குடுக்கிற கரண்டு பெரியவரே. தெரிஞ்சு பஸ்ஸுக்கு விட்டிருந்தா சர்வீஸையே கட் பண்ணிடுவோம். கொட்டாயைத் தொறந்துவிட்டது யாரு?”

சாவி சரோஜம்மாளின் இடுப்பைவிட்டு இறங்கியதே கிடையாது. சின்னராஜ் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“நான்தான் குடுத்தேன்,” என்று அவர் காதோரம் சொன்னாள். “இங்க சார்ஜ் ஏறலன்னா பஸ்ஸு ஸ்கூல்லயே நின்னுக்குமாம். பேத்தி மெயின் ரோடு வரைக்கும் நடக்கணும். உன்னக் கேட்டா குடுத்திருப்பியா நீ?”

அதற்குள் பஸ் டிரைவர் கரியப்பன் முன்னால் வந்தான்.

“நான் பூட்டைத் தொறந்து திருடுனேன் சார். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

சின்னராஜ் ஆடிப்போனார். இந்தத் தோட்டத்தில் களை பறித்த மாரம்மாவின் மகன். அவனைக் கொட்டாய்ப் படி ஏற அவர் விட்டதே இல்லை. தலையைக் கொடுக்க இவனுக்கு என்ன வந்தது? தக்காளி பூ விட்டு நிற்கிறது. லைன் போனால் அத்தனையும் சருகு.

“அப்படியா பெரியவரே?”

“ஆமா,” என்றார். “திருட்டுப்பய.”

கரியப்பனை ஜீப்பில் ஏற்றினார்கள். லைன்மேன் பஸ் ஒயரைக் கழற்றிவிட்டு மோட்டாரைப் போட்டுக் காட்டினான். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. சின்னராஜ் மண்வெட்டியை எடுக்கும்போது, சரோஜம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்புப் பக்கம் போனாள்.

“தள்ளி உக்காருடா கரியப்பா.”

“எங்கடி போற?”

“சாவிய யாரு குடுத்ததுன்னு ஆபீஸ்ல சொல்லப் போறேன். லைன் இருக்கிற வரைக்கும் நீ தண்ணி கட்டு.”

ஜீப் கிளம்பிவிட்டது. சின்னராஜின் காலடியில் வாய்க்கால் உடைந்து தண்ணீர் களத்துக்குள் ஓடியது. மண்வெட்டியைக் கையில் பிடித்தபடி அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.